பிள்ளையை ஒப்படைக்கும் வீடு

கடைக்கு ஒரு பையனை வேலைக்கு எடுப்பதாயின் எந்த ஊர், யார் மகன், முன்பு எங்கே நின்றான் என்று நாம் எத்தனை பேரிடம் விசாரிக்கிறோம்! கல்லாவில் உட்கார வைப்பதற்கு இன்னும் சில வருஷம் பார்க்கிறோம். ஆனால் ஆறு மாதப் பிள்ளையை ஒப்படைக்கும் விஷயத்தில், "பக்கத்து வீடுதான், நல்ல அம்மா, கூலியும் குறைவு" என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. சமையல் ஹலால்தானே என்று ஒரு கேள்வி கேட்போம், கேட்க வேண்டியதே. அதற்கு மேலும் கேட்க வேண்டியவை உண்டு.

முதலில் சட்டம். மலேசியாவில் 1984-ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்பு நிலையச் சட்டப்படி, ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த, நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 4 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரைக் கூலிக்குப் பார்க்கும் வீடு சமூக நல இலாகாவில் பதிவு பெற்றிருக்க வேண்டும். வீட்டிலேயே நடத்துவோர் 9 பேர் வரை ஏற்கலாம். 3 பேரோடு நிறுத்திக்கொள்பவருக்குப் பதிவு தேவையில்லை. ஆகவே பதிவில்லை என்பதற்காகவே ஒருவரைக் குறை சொல்ல இயலாது. ஆனால் அவ்வீட்டுக்கு அதிகாரி வந்து பார்க்கமாட்டார். பார்க்க வேண்டியவர்கள் நாமே. பதிவுண்டு என்றால் சான்றிதழைக் காட்டச் சொல்ல வெட்கப்படலாகாது. சரக்குக்குப் பில் கேட்க நாம் வெட்கப்படுவதில்லையே!

அடுத்தது தலை எண்ணிக்கை. பதிவு பெற்ற இடங்களுக்கான விதிப்படி, ஒரு வயதுக்குட்பட்ட 3 பிள்ளைகளுக்கு ஒருவர், 1 முதல் 3 வயது வரையுள்ள 5 பிள்ளைகளுக்கு ஒருவர் இருக்க வேண்டும். பதிவில்லாத வீட்டுக்கும் இதையே நாம் அளவாகக் கொள்ளலாம். காலையில் பார்த்தால் மூன்று பிள்ளைகள் இருப்பர். பள்ளி விட்டதும் பெரிய பிள்ளைகள் வந்து ஏழாகிவிடும். ஆகவே மத்தியானத்தில் ஒரு முறை சொல்லாமல் போய்ப் பார்ப்பது நலம். அதை விரும்பாத வீடு நமக்கு வேண்டாம்.

எல்லாவற்றிலும் முக்கியம், பிள்ளை தூங்கும் இடம். ஒரு வயது வரை மல்லாக்கவே படுக்க வைக்க வேண்டும். குப்புறப் போடுவதும், மெத்தென்ற தலையணை, போர்வை, பொம்மை முதலியவற்றைப் பக்கத்தில் வைப்பதும் உயிருக்கே ஆபத்து என்பது வைத்தியர்களின் தெளிந்த முடிவு. "ஒன்பது பிள்ளை வளர்த்தவளுக்குத் தெரியாதா?" என்று அந்த அம்மா சொல்லக்கூடும். மரியாதையோடு கேட்டுக்கொள்வோம், படுக்கை விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கலாகாது. பால் புட்டியைத் தலையணையில் சாய்த்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போகும் வழக்கமும் கூடாது. புரையேறினால் கவனிக்க ஆளிராது. குளியலறை வாளியில் தண்ணீர் நிற்கிறதா என்றும் பாருங்கள். தவழும் பிள்ளை மூழ்கச் சில அங்குலத் தண்ணீரே போதும். வாசல் கிரில் பூட்டியிருந்தால், தீப்பிடித்த நேரத்தில் எடுக்கச் சாவி எங்கே தொங்குகிறது?

அந்த வீட்டில் வேறு யார் யார் இருக்கிறார்கள், அந்த அம்மா சந்தைக்குப் போனால் பிள்ளை யார் கையில் இருக்கும் என்பது கேட்கச் சங்கடமான கேள்விதான். கேட்டே தீரவேண்டும்.

இனி நேரம். ஆபீஸ்காரர் ஐந்து மணிக்கு எழுந்துவிடுவார்; நம் கடைகளோ இரவு ஒன்பது, பத்துக்குத்தான் அடைக்கின்றன. விடியற்காலை முதல் அவ்வளவு நேரம் ஒரே பெண்மணி பார்த்தால் கண் அயராதிருக்குமா? கணவன், மனைவி இருவரில் ஒருவர் ஏழு மணிக்குள் பிள்ளையை எடுத்துவிடும்படி கடை முறையை மாற்ற முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாத நாட்களுக்கு அதிக மணிக்கு எத்தனை வெள்ளி, பெருநாள் விடுமுறை எத்தனை நாள், காய்ச்சல் கண்டால் முதலில் யாருக்குப் போன் செய்வது என்பவற்றை ஒரு தாளில் எழுதி, இரு தரப்பும் ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்வது நலம்.