விசில் அடிக்காத குக்கர்: ஐந்து நம்பிக்கைகளும் உண்மைகளும்

எலெக்ட்ரிக் பிரஷர் குக்கரைப் பற்றி நம் வீடுகளில் இரண்டு விதமான பேச்சு உண்டு. சத்தையெல்லாம் கொன்றுவிடும், சர்க்கரையை ஏற்றிவிடும், ஒருநாள் வெடிக்கும் என்று அஞ்சுவோர் ஒரு பக்கம். பொத்தானை அழுத்திவிட்டால் மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும் என்று நம்புவோர் மறுபக்கம். பாத்திரத்துக்குள் நடப்பதைக் கவனித்தால் இரு சாராரின் கணக்கும் பிசகுவது தெரியும். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். தீயை எவ்வளவு கூட்டினாலும் ஆவிதான் அதிகமாகுமே தவிர, சூடு ஏறாது. ஆவியை அடைத்து வைத்தால் அழுத்தம் கூடி, கொதிநிலையும் உயரும். டெனி பாப்பன் என்ற பிரெஞ்சு அறிவியலாளர் 1679-ல் எலும்பை மென்மையாக்க வடிவமைத்த பாத்திரம் இந்த விதியில்தான் இயங்கியது. நம் அடுப்புக் குக்கருக்குள் ஏறக்குறைய 120 டிகிரி இருக்கும். மின்சாரக் குக்கர்கள் பெரும்பாலும் சற்றுக் குறைந்த அழுத்தத்தில், 115 டிகிரியை ஒட்டி வேலை செய்கின்றன. குக்கர் செய்யும் மாயம் இந்த 15, 20 டிகிரிதான். அதைப் பற்றிய எந்தப் பேச்சையும் இந்த ஒரு அளவுகோலை வைத்தே சோதிக்கலாம்.

நம்பிக்கை 1: அதிகச் சூடு சத்தை அழித்துவிடும்

சூடு சில சத்துகளைக் குறைக்கும் என்பது சரி. வைட்டமின் சி, தயமின் எனப்படும் பி1, ஃபோலேட் ஆகியவை சூட்டுக்குத் தாக்குப்பிடிக்காதவை. ஆனால் இழப்பைத் தீர்மானிப்பது சூடு மட்டுமன்று. எவ்வளவு நேரம் வேகிறது, எவ்வளவு தண்ணீரில் வேகிறது, அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்பனவும் சேர்ந்துதான். ஊறவைத்த கொண்டைக்கடலை திறந்த பாத்திரத்தில் வேக ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். அழுத்தத்தில் அதில் சிறு பங்கு நேரமே போதும். சூடு கூடியதால் வரும் இழப்பை நேரம் குறைந்தது பெருமளவு ஈடுகட்டிவிடுகிறது. தண்ணீரும் குறைவு, வடித்துக் கொட்டுவதும் இல்லை. இரும்பு, கால்சியம் போன்ற தாதுக்களைச் சமையல் சூடு அழிப்பதே இல்லை. அவை வெளியேறினால் கொட்டும் தண்ணீரோடுதான் வெளியேறும். அப்படியானால் கீரை குக்கரில் நிறம் மங்குவது ஏன் என்று கேட்கலாம். கீரையிலிருந்து எழும் அமிலம் மூடிய பாத்திரத்தில் வெளியேற வழியின்றித் தங்கி, பச்சையத்தைப் பழுப்புப் பச்சையாக மாற்றுகிறது. சில நிமிடங்களில் வெந்துவிடும் கீரைக்கு அழுத்தம் தேவையும் இல்லை. கீரையைத் திறந்த சட்டியிலேயே மசிப்பது நல்ல பழக்கம். குக்கரின் இடம் பருப்பு, பயறு, கிழங்கு, கறி ஆகியவற்றில்தான்.

நம்பிக்கை 2: குக்கர் சாதம் சர்க்கரையை ஏற்றும், வடித்த சோறு ஏற்றாது

நீரிழிவு பற்றிய பேச்சில் இதைவிட அதிகம் கேட்கும் அறிவுரை குறைவு. கஞ்சியோடு கொஞ்சம் மாவுச்சத்து போகிறது என்பது உண்மை. ஆனால் தட்டில் இருக்கும் மாவுச்சத்தோடு ஒப்பிட்டால் அது சிறு பகுதி. அதனுடன் நீரில் கரையும் பி வகை வைட்டமின்களும் வடிந்துவிடுகின்றன. ரத்தச் சர்க்கரை ஏறும் வேகத்தை முடிவு செய்பவை அரிசியின் ரகம், பச்சரிசியா புழுங்கலரிசியா என்பது, எவ்வளவு தீட்டியது, எவ்வளவு குழைந்தது, எல்லாவற்றுக்கும் மேலாக எத்தனை கரண்டி என்பது. குழைய வடித்த பச்சரிசிச் சோற்றைவிட, உதிரியாகக் குக்கரில் வெந்த புழுங்கலரிசி மேலானதாக இருக்கலாம். வடிப்பதற்கென்று ஒரு வலுவான நியாயமும் இருக்கிறது: நிலத்திலும் நீரிலும் ஆர்செனிக் மிகுந்த பகுதிகளில் விளைந்த அரிசியை 6 முதல் 10 பங்கு தண்ணீரில் வேகவைத்து வடித்தால் கனிம ஆர்செனிக்கில் 40 முதல் 60 சதவீதம் வரை குறையும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் சொல்கிறது. அந்தக் காரணத்துக்காக வடிப்பவர் சரியாகச் செய்கிறார். வடித்துவிட்டோமே என்று இரண்டு கரண்டி கூடப் போட்டுக்கொள்பவருக்குத்தான் அந்த நம்பிக்கை கெடுதல் செய்கிறது.

நம்பிக்கை 3: ஐந்து நிமிடத்தில் சமையல் முடியும், மூன்று விசில் என்றால் மூன்று நிமிடம்

திரையில் தெரியும் ஐந்து நிமிடம், அழுத்தம் முழுமையாக ஏறிய பிறகு தொடங்கும் கணக்கு. உள்ளே இருக்கும் அளவைப் பொறுத்து, அழுத்தம் ஏறப் பத்து, பதினைந்து நிமிடமும் தானாக இறங்க அதே அளவு நேரமும் ஆகும். முழு நேரம் அரை மணியை ஒட்டியது. மிச்சமாவது அடுப்பருகே நின்று காவல் காக்கும் வேலை. விசிலை நிமிடமாக மாற்றும் கணக்கும் நிற்காது. விசில் எப்போது வரும் என்பது தீயின் அளவு, குக்கரின் கொள்ளளவு, உள்ளிருக்கும் தண்ணீர் ஆகியவற்றைப் பொறுத்தது. ஒரு வீட்டின் மூன்று விசில் இன்னொரு வீட்டின் ஐந்து. பருப்பு வேகவில்லை என்றால் குக்கரைக் குறை சொல்லும் முன் தண்ணீரைப் பாருங்கள். கால்சியமும் மெக்னீசியமும் மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரில் பருப்பு மெதுவாகத்தான் வேகும். புளியும் தக்காளியும் முதலிலேயே சேர்ந்தாலும் அப்படியே. அமிலம் பருப்பின் செல்சுவரை இளகவிடாது. மின் கட்டணத்தைப் பற்றிய அச்சமும் பெரிதுபடுத்தப்பட்டதே. 1,000 வாட் குக்கர் இருபது நிமிடம் முழு வேகத்தில் ஓடினால் ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு. அழுத்தம் ஏறியபின் அது விட்டுவிட்டுத்தான் மின்சாரம் எடுக்கும்.

நம்பிக்கை 4: இது வெடிக்கும்

அழுத்தம் இருக்கும்வரை மூடியைத் திறக்கவிடாத பூட்டு, அளவு மீறினால் ஆவியை வெளியேற்றும் வால்வு, சூடு எல்லை கடந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஃபியூஸ் எனத் தரமான மின்சாரக் குக்கரில் பல தடுப்புகள் உள்ளன. விபத்தின் வேர் பெரும்பாலும் பராமரிப்பில் இருக்கிறது. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் எதையும் நிரப்பக் கூடாது. நுரைத்துப் பொங்கும் பருப்புக்கும், வெந்து பெருகும் அரிசிக்கும் பாதியே எல்லை. பருப்பு வெந்த கையோடு வால்வைத் திருப்பினால் நுரையும் கொதிநீரும் பீய்ச்சிக்கொண்டு வரும். அழுத்தம் தானாக இறங்கட்டும். விரிசல் விட்ட கேஸ்கெட்டை மாற்றுவதும், ஆவித் துளையில் ஒட்டிய பருப்பைக் கழுவுவதும் எந்த மின்னணுத் தடுப்பைவிடவும் முக்கியம்.

நம்பிக்கை 5: எந்தப் பொத்தானை அழுத்தினாலும் உணவு பாதுகாப்பானதே

இதுதான் உண்மையில் ஆபத்தான நம்பிக்கை. ஆனால் நம் வீடுகளில் இதைப் பற்றிய பேச்சு அதிகம் இல்லை. பல மின்சாரக் குக்கர்களில் அழுத்தமின்றி மெதுவாகச் சமைக்கும் ஸ்லோ குக் முறையும் உண்டு. அதில் உணவு கொதிநிலைக்குக் கீழேயே நெடுநேரம் நிற்கலாம். ராஜ்மாவில் லெக்டின் வகை நச்சுப் புரதம் இருக்கிறது. சரியாக வேகாத நான்கைந்து விதைகளே கடும் வாந்தியைக் கொண்டுவரப் போதும். 80 டிகிரியளவில் அரைகுறையாக வெந்த ராஜ்மா, பச்சை விதையைவிட நச்சு கூடியதாக மாறவும் கூடும். அதைக் குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அழுத்தத்திலோ, அரை மணி நேரம் நன்றாகக் கொதிக்கவிட்டோ சமைக்க வேண்டும். சோற்றிலும் இதே பாடம் உண்டு. பேசிலஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சமையலைத் தாண்டியும் பிழைக்கும். சோறு வெதுவெதுப்பாகப் பல மணி நேரம் கிடந்தால் அவை பெருகி, மீண்டும் சுடவைத்தாலும் அழியாத நச்சை உண்டாக்கும். கீப் வார்ம் முறை 60 டிகிரிக்கு மேல் வைத்திருக்கும்வரை கவலையில்லை. மின்சாரம் நின்று, மூடிய பாத்திரத்தில் சோறு மெல்ல ஆறிக்கொண்டிருக்கும் மதிய நேரம்தான் கவனிக்க வேண்டியது. பரிமாறியது போக மிஞ்சியதை அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்து, ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

நாம் அஞ்சும் 115 டிகிரி, உணவை விரைவாகவும் முழுமையாகவும் வேகவைக்கும் சூடு. நாம் அஞ்சாத அரைகுறைச் சூடுதான் நோயைக் கொண்டுவருகிறது. எனவே குக்கர் வாங்கலாமா வேண்டாமா என்ற விவாதத்தைவிட, கையிலுள்ள குக்கரின் ஒவ்வொரு பொத்தானும் உணவை எத்தனை டிகிரியில், எவ்வளவு நேரம் வைக்கிறது என்று கையேட்டைப் புரட்டித் தெரிந்துகொள்வதுதான் சமைப்பவருக்கும் சாப்பிடுபவருக்கும் நன்மை தரும்.