மனுஷனை எப்படிக் கூப்பிடுகிறோம்?

வேதபாடம்: லூக்கா 13:10-17, யாக்கோபு 2:14-17



"பாஸ்டர், குருடன், சப்பாணி, குஷ்டரோகின்னு வேதமே சொல்லுது. இப்போ அப்படிச் சொல்லக்கூடாதுன்னு உலகம் சொல்லுது. உலகத்துக்குப் பயந்து வேத வார்த்தையை விடலாமா?" வாலிபர் கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. ஜனங்களைப் புண்படுத்தும் சொல்லை விலக்கி வேறு சொல் வழங்குவதை இங்கிலீஷில் 'பொலிட்டிக்கல் கரெக்ட்னஸ்' என்கிறார்கள். இதை வேத வெளிச்சத்தில் ஆராய்வோம்.

1. சொல் பழசாகும், சத்தியம் பழசாகாது

நம் கையிலுள்ள பழைய மொழிபெயர்ப்பு 1871-ல் முடிந்தது. அதில் 'குஷ்டம்' என்பது வஸ்திரத்திலும் வரும் (லேவி. 13:47), வீட்டுச் சுவரிலும் வரும் (லேவி. 14:34-37). இன்றைய தொழுநோய் துணியிலோ சுவரிலோ வராது. ஆகவே எபிரெய மூலவார்த்தை அதைவிட விரிவானது. 'குஷ்டம்' என்பது மொழிபெயர்த்த ஊழியர்கள் தங்கள் காலத்துத் தமிழில் எடுத்துக்கொண்ட சொல். வேதத்தை வாசிக்கும்போது உள்ளபடி வாசிப்போம். ஆனால் எதிரே நிற்கிற மனுஷனைக் கூப்பிட அந்தச் சொல்லையே எடுக்கவேண்டும் என்று வேதம் கட்டளையிடவில்லை.

தொழுநோய்க் கிருமியை நார்வே தேசத்து மருத்துவர் ஹேன்சன் 1873-ல் கண்டுபிடித்தார். இன்று கூட்டு மருந்தினால் 6 அல்லது 12 மாதங்களில் குணமாகிறது. அப்படியிருந்தும், தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்க நம் தேசத்துச் சட்டங்கள் 2019 வரை இடம் கொடுத்தன. பாருங்கள், ஒரு பெயரோடு ஒட்டிய பயம் சட்டப் புஸ்தகத்திலும் ஏறி உட்கார்ந்திருந்தது!

2. இயேசு எப்படிக் கூப்பிட்டார்?

பதினெட்டு வருஷம் நிமிர முடியாதிருந்த ஸ்திரீயை ஆண்டவர் ஜெப ஆலயத்தில் கண்டார். ஊரார் கண்ணுக்கு அவள் கூனி. ஆண்டவரோ அவளை ஆபிரகாமின் மகள் என்று சபை நடுவே சொன்னார் (லூக். 13:16). உடம்பின் குறையால் அல்ல, உடன்படிக்கையின் சுதந்தரத்தால் அவளை அழைத்தார்.

பிறவியிலே பார்வையற்றவனைக் கண்ட சீஷர்கள், யார் செய்த பாவம் என்று கேட்டார்கள். ஆண்டவர் அந்த எண்ணத்தையே தள்ளினார் (யோவா. 9:1-3). நாமோ சுகமளிக்கும் கூட்டத்தில் ஒருவர் சுகமாகாமல் திரும்பினால், "என்ன பாவமோ, விசுவாசம் இல்லையோ" என்கிறோம். குருடன் என்ற சொல் காதைக் குத்தும். இந்தச் சொல் ஆத்துமாவையே குத்தும். சபையைவிட்டே துரத்திவிடும்.

3. சொல் மட்டும் மாறினால் போதுமா?

தமிழ்நாட்டில் 2010-ல் 'ஊனமுற்றோர்' என்ற சொல்லை விலக்கி 'மாற்றுத்திறனாளி' என்று அரசாங்கம் வழங்கியது. 2015-ல் பிரதமர் இந்தியில் 'திவ்யாங்', அதாவது தெய்வீக அவயவம் என்ற சொல்லைச் சொன்னபோது அவர்கள் தரப்பிலேயே பல அமைப்புகள் எதிர்த்தன. பெரிய பட்டம் வேண்டாம், உரிமையும் வசதியும் வேண்டும் என்பதே அவர்கள் வாதம். யாக்கோபும் இதைத்தானே கேட்கிறார்! வஸ்திரமில்லாத சகோதரனுக்கு நல்ல வார்த்தை சொல்லி வெறுங்கையாய் அனுப்பினால் பிரயோஜனம் என்ன (யாக். 2:15-16)? 'மாற்றுத்திறனாளி சகோதரர்' என்று மைக்கில் சொல்லிவிட்டு, ஆராதனைக்கு வர அவரை நாலு பேர் தூக்கி ஐந்து படி ஏற்றுகிறோமே. ஒரு சாய்தளம் கட்ட எத்தனை மூட்டை சிமெண்ட் ஆகும்?

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஊழியம் செய்த டாக்டர் பால் பிராண்ட், ஜனங்கள் தொட அஞ்சிய கைகளைத் தொட்டார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சை செய்து மறுபடி வேலைக்கு உதவும்படி ஆக்கினார். கனமான சொல்லுக்குப் பின்னால் இப்படிப்பட்ட கை இருக்கவேண்டும்.

4. இரண்டு எச்சரிப்புகள்

முதலாவது, சொல்லைக் கண்ணியாக்காதிருங்கள். 'ஷிபோலேத்' என்ற ஒரே சொல்லை உச்சரிக்கத் தெரியாதவர்களைப் பிடித்து வெட்டினார்கள்; அந்நாட்களில் எப்பிராயீமில் மாண்டவர் 42,000 பேர் (நியா. 12:6). ஊர்ப் பழக்கத்தில் 'நொண்டி' என்று சொல்லிவிடும் வயதான அம்மாவை எல்லார் முன்னும் வெட்கப்படுத்தாமல், தனியாக, அன்பாகச் சொல்லிக்கொடுங்கள்.

இரண்டாவது, மனுஷனுக்கு மென்மையான சொல் கொடுங்கள், பாவத்துக்குக் கொடுக்காதிருங்கள். லஞ்சத்துக்கு 'அன்பளிப்பு', வரதட்சணைக்கு 'பெண்வீட்டார் பிரியப்பட்டுக் கொடுத்தது' என்று பெயர் மாற்றுவது ஏசாயா 5:20 கண்டிக்கிற காரியம்.

தேவபிள்ளையே, உன் சபையில் ஊன்றுகோலோடு வருகிறவரின் பெயர் உனக்குத் தெரியுமா? வரும் ஞாயிறு அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடு. பர்திமேயுவிடம் ஆண்டவர் கேட்டதுபோல, என்ன வேண்டும் என்று அவரிடமே கேள் (மாற். 10:51). அவர் சொல்வதைச் செய். தேவனைத் துதிக்கிற நம் நாவு, அவர் சாயலில் உண்டான ஒருவரையும் தாழ்த்தாதிருக்கக் கர்த்தர் கிருபை செய்வாராக. ஆமென்.