‘அடி’ என்னும் வினைச்சொல்

ஓங்கித் தாக்குதல் என்பதே ‘அடி’ என்னும் வினையின் முதற்பொருள். ‘தச்சர் ஆணியை அடித்தார்’ என்னும் தொடரில் அப்பொருள் தெளிவாக உள்ளது. உழவர் கதிர்க்கட்டைக் களத்தில் ஓங்கி அடிப்பர், நெல்மணிகள் உதிரும். இங்கே அடி உணவைத் தருகிறது.

பள்ளி மணியை முன்பு சுத்தியலால் அடித்து ஒலித்தனர். இன்று பல பள்ளிகளில் மின்பொத்தானை அழுத்தினாலே மணி ஒலிக்கிறது. ஆயினும் ‘மணி அடித்தது’ என்றே கூறுகிறோம். செயல் மாறினும் சொல் மாறவில்லை.

‘காற்று அடிக்கிறது’, ‘வெயில் அடிக்கிறது’ என்னும் தொடர்களில் கையும் இல்லை, கோலும் இல்லை. காற்றும் வெயிலும் உடலின்மீது வந்து படுவதையே ‘அடி’ உணர்த்துகிறது. ‘ஆணியை அடித்தார்’ என்பதில் ‘ஆணி’ செயப்படுபொருள். ‘வெயில் அடிக்கிறது’ என்பதில் செயப்படுபொருள் இல்லை. ஆகவே முன்னது செயப்படுபொருள் குன்றா வினை; பின்னது செயப்படுபொருள் குன்றிய வினை.

தமிழோடு உறவுடைய மலையாளத்திலும் காற்று ‘அடிக்கும்’, மணியும் ‘அடிக்கும்’. ஆனால் ‘வெயில் அடிக்கிறது’ என்பதை இந்தியில் ‘மார்னா’ என்னும் வினையால் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பொருள் கெடும்.

பாதம், நீள அளவு, செய்யுளின் வரி ஆகியவற்றைக் குறிக்கும் ‘அடி’ பெயர்ச்சொல் ஆகும். குறள் வெண்பா 2 அடிகளை உடையது.

ஒரு சொல்லின் பொருளை அதனோடு சேர்ந்து வரும் சொற்களே காட்டும்.

பயிற்சி: ‘சுவருக்கு வண்ணம் அடித்தனர்’, ‘மலையடியில் ஊர் உள்ளது’ – இவற்றில் ‘அடி’ வினையா, பெயரா? பொருள் கூறுக.