நிகழ்ச்சிச் சுழலும் காத்திருக்கும் முறையும்

புதிய துறையொன்றைக் கற்கப் புகும் மாணவன் முதற்கண் அத்துறைக்குரிய சொற்களையே எதிர்கொள்கின்றான். பொருளுணராது அவற்றை மனனஞ் செய்பவன் பரீட்சை மண்டபத்தில் வென்றாலும் தொழிற்களத்தில் தடுமாறுவான். கணினிச் செய்நிரலாக்கத்தில் பலர் உச்சரித்துச் சிலரே உணர்ந்த சொல்லொன்று உண்டு. ஆங்கிலேயர் அதனை 'இவென்ட் லூப்' என்பர். நாம் 'நிகழ்ச்சிச் சுழல்' எனலாம். தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று வினவுவோர் இருக்கலாம். சொற்பொருள் விளக்குதல் அவன் தொழிலே யாதலின், இவ்விழா மலருக்கு இதனையே பொருளாகக் கொண்டோம்.

இணையவழி மாய உலகங்கள் நேற்றுத் தோன்றியவையல்ல. 1978ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழக மாணவர் ரோய் டிரப்ஷா 'மட்' என்னும் எழுத்துவழி உலகைத் தொடக்கினார். ரிச்சர்ட் பார்ட்டில் அதனை வளர்த்தார். இன்று நம் மாணவர் நன்கறிந்த மாய உலகம் 'மைன்கிராஃப்ட்' ஆகும். அதன் கடிகாரம் வினாடிக்கு 20 முறை துடிக்கின்றது. ஒரு துடிப்புக்கு 50 மில்லிவினாடி. அவ்வுலகில் மனிதர் கைப்படாமல் செய்நிரலே இயக்கும் பாத்திரத்தைப் 'போட்' என்பர். அதனைப் படைக்க உதவும் 'மைன்ஃபிளேயர்' என்னும் நிரல் நூலகம், 2009இல் ரையன் டால் வெளியிட்ட 'நோட்' என்னும் தளத்தின்மேல் நிற்கின்றது.

அத்தளத்தில் நாம் எழுதும் நிரல் ஒரே இழையில் ஓடும். யாரோ பேசுகின்றார், போட்டின் உயிர்வலு குறைகின்றது, அயலார் ஒருவர் பார்வைக்குள் வருகின்றார். இவை யாவும் நிகழ்ச்சிகள். ஒவ்வொன்றும் வரிசையிற் சேரும். சுழலானது முதலில் நிற்பதை எடுத்து, அதற்கென நாம் எழுதிய செயற்கூற்றை அழைக்கும். அது முடிந்த பின்னரே அடுத்ததை எடுக்கும்.

இதனை விளக்க நம் மலைநாட்டிலேயே நல்ல உவமையுண்டு. கொழுந்து மடுவத்தில் தராசு ஒன்று, கணக்கப்பிள்ளை ஒருவர், எதிரே கூடைகளுடன் நீண்ட வரிசை. ஒருவர் கொழுந்தை நிறுத்துப் பதிந்த பின்பே மற்றவர் முறை வரும். இப்போது கணக்கப்பிள்ளை, "குறித்த ஒருவருடைய கொழுந்து வரும்வரை வேறெவருடையதையும் நிறுக்கமாட்டேன்" என்று தராசைப் பிடித்துக்கொண்டு நின்றால் என்னாகும்? அவர் தேடும் ஆளோ அவ்வரிசையின் கடைசியில் நிற்கின்றார். வரிசை நகராதவரை அவர் வரவியலாது. அவர் வாராதவரை வரிசை நகராது. காத்திருப்பவரே தாம் காத்திருக்கும் வரவை மறிக்கின்றார்.

தொடக்க மாணவர் எழுதும் போட்டில் நேரும் பிழை இதுவே. "இலக்கை அடையும்வரை சும்மா சுற்றிக்கொண்டிரு" என்று 'வைல்' கட்டளையால் எழுதுகின்றனர். இலக்கை அடைந்த செய்தியும் ஒரு நிகழ்ச்சியே. அது வரிசையில் அடைபட்டுக் கிடக்கும். இதனிடையே சேவையகம், இணைப்பு உயிரோடுள்ளதா என வினவும். விடை கூறவும் சுழலுக்கு ஓய்வில்லை. ஆதலின் சேவையகம் இணைப்பைத் துண்டிக்கும். இலக்கணப் பிழை ஏதுமின்றியே போட் மறைந்துவிடும்.

இதற்கு மருந்து 'அவெயிட்' என்னுஞ் சொல். அது தராசைப் பிடித்து நிற்பதன்று. "வந்ததும் தொடர்வோம்" என்று குறித்து வைத்துவிட்டு அடுத்தவரை அழைப்பதாகும். செயற்கூறு அவ்விடத்தில் இடைநிற்கும். சுழலோ தன் வழியே செல்லும். 2014இல் பைதன் மொழியில் இடம்பெற்ற 'அசிங்க்ஐஓ' என்னும் தொகுதிக்கும் இவ்விதியே பொருந்தும்.

எனினும் அவெயிட் எழுதியவுடன் வேலை முடிந்ததென்று எண்ணற்க. மூன்று காவல்கள் வேண்டும்.

முதலாவது, காத்திருந்து மீளுங்கால் உலகம் மாறியிருக்கும். அருகில் நின்றவர் அகன்றிருக்கலாம். வெட்டக் கருதிய கல்லைப் பிறர் வெட்டியிருக்கலாம். ஆதலின் மீண்டதும் நிலைமையை மறுபடி சோதித்தல் வேண்டும்.

இரண்டாவது, ஒரு கட்டளை நிறைவேறும் முன்பே மற்றொன்று வரலாம். 'தோண்டு' என்று இருவர் அடுத்தடுத்துக் கூறினால் இரு தோண்டல்கள் ஒன்றோடொன்று மோதும். 'வேலையில் உள்ளேன்' என்னும் குறியொன்றை வைத்து, இரண்டாவதை மறுக்கவோ பின்னுக்கு நிறுத்தவோ செய்க.

மூன்றாவது, போட் பேசியதும் நிகழ்ச்சியாகி அதன் காதுக்கே திரும்பும். கேட்டதையெல்லாம் திருப்பிச் சொல்லும் போட், பேசியவர் தானா என்று பாராவிடின், தன் குரலுக்கே விடைகூறி முடிவின்றிப் பிதற்றும்.

பிறர் நடத்தும் சேவையகத்தில் போட்டை விடுமுன் உரியவரிடம் இசைவு பெறுதல் நான்காவது காவல்; அது நிரலுக்கன்று, நிரலாளனுக்கு.

அப்புத்தளையின் லயங்களிலிருந்து வரும் பிள்ளைக்கு இக்கருத்துகள் அந்நியமானவையல்ல; அவன் நாடோறும் காணும் வரிசையிலேயே அவை உள்ளன. அவற்றைச் சுமந்துவரும் மொழியே அவனை மருட்டுகின்றது. கொழும்பிலும் கடல் கடந்தும் கணினித் தொழில் புரியும் பழைய மாணவர்களே! கல்லூரிக்கு வரும்போது ஒரு மணி நேரமாவது ஒதுக்கி, நீங்கள் அறிந்ததொன்றைத் தமிழில், அவர்கள் கண்ட பொருளை உவமையாக்கி, இளையோர்க்கு விளக்குங்கள். கட்டடத்துக்கு நீங்கள் தரும் நன்கொடையினும் அது குறைந்ததன்று.