வளவு வாங்க முதல் கிணற்றைப் பார்

சுன்னாகம்.

அன்புள்ள மருமகனுக்கு,

நீ அனுப்பிய காணி விளம்பரத்தைப் படித்தேன். 4 பரப்பு, காங்கேசன்துறை வீதிக்குக் கிட்ட, சந்தையும் புகையிரத நிலையமும் நடை தூரம், நல்ல தண்ணீர்க் கிணறு. தரகர்மார் எழுதினால் சுன்னாகத்தில் எல்லாக் கிணறும் நல்ல தண்ணீர்தான். 4 பரப்பு என்றால் 40 பேர்ச், கால் ஏக்கர். விலையை டொலருக்கு மாற்றிப் பார்த்துவிட்டு, "மலிவு மாமி" என்று எழுதியிருக்கிறாய். டொலருக்கு மாற்றினால் இங்கே எல்லாம் மலிவுதான், ராசா. ரூபாயில் உழைத்து ரூபாயில் அரிசி வாங்குகிற எங்களால் அந்த விலைக்கு அந்தக் காணியை வாங்க ஏலாது. அப்ப, நாளைக்கு நீ விற்க வெளிக்கிட்டால் ஆர் வாங்குவது? உன்னைப் போல இன்னொரு கனடாக்காரன்தான். அவனும் வராவிட்டால்?

இளைப்பாறிய பிறகு வந்து இருக்கவும் வேண்டும், அதுவரை அது ஒரு முதலீடாகவும் கிடக்க வேண்டும் என்பது உன் எண்ணம். இருப்பதற்கென்றால் வாங்கு. முதலீடு என்று நினைத்து வாங்காதே.

1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் இன்றைய யாழ்ப்பாண மாவட்ட எல்லைக்குள் 7 இலட்சத்து 38 ஆயிரம் பேர் இருந்தார்கள். 2012இல் 5 இலட்சத்து 83 ஆயிரம். சனம் குறைந்த ஊரில் காணி விலை ஏறுகிறது என்றால், அதை ஏற்றுவது இங்கே உழைக்கிற காசு அல்ல. வாடகையை விசாரித்தால் விளங்கும். இங்கே வாடகைக்கு வருகிறவர்கள் இடமாற்றத்தில் வந்த வங்கி உத்தியோகத்தர்கள், ஆசிரியர்மார், சந்தைப் பக்கம் கடை வைத்திருப்பவர்கள். அவர்களின் சம்பளத்துக்கு மேலே வாடகை போகாது. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஓடியபோது, வெளிநாட்டில் இருந்துகொண்டு இங்கே வீட்டை வாடகைக்கு விட்டவர்களுக்கு அந்த வாடகை டொலர்க் கணக்கில் ஏறக்குறையப் பாதியாகிப் போனது. வாடகைக்கு விடாதவர்களின் வீடுகளோ பூட்டிக் கிடக்கின்றன. எங்கள் ஒழுங்கையிலேயே மாபிள் பதித்த மேல்மாடி வீடுகள், நல்லூர்த் திருவிழாவுக்கு மட்டும் கேற் திறக்கிறார்கள்.

காசு போட ஆசையென்றால் தொழிலில் போடு. சுன்னாகம் எப்பவும் சந்தை ஊர்தான். சுற்றிவரச் செம்மண். வெங்காயமும் வாழைக்குலையும் மரக்கறியும் விடியப் புறமே வந்து இறங்கும். 1990இல் நின்ற ரயில் 2015 தை மாதத்திலிருந்து மறுபடி காங்கேசன்துறை வரை ஓடுகிறது. குரும்பசிட்டி நா. பொன்னையாவும் தன் முதலைத் தொழிலில்தான், அச்சு இயந்திரத்தில்தான் போட்டார். சுன்னாகம் திருமகள் அழுத்தகத்திலிருந்து 1930இல் ஈழகேசரிப் பத்திரிகை வந்தது, பிறகு கணேசையரின் குறிப்புகளோடு தொல்காப்பியமும் வந்தது. காணியைப் பூட்டி வைத்து ஊருக்கு அப்படி ஒன்றைக் கொடுக்க ஏலாது. உன் சின்ன மச்சான் தண்ணீர் மோட்டர் திருத்துகிற கடையில் வேலை குவிந்து கிடக்கிறது, கடைசல் இயந்திரம் இல்லாமல் பாதி வேலையை வெளியே கொடுத்துச் செய்விக்கிறான். அவனோடு கதை. ஆனால் சொந்தக்காரன் என்று வாய்ப்பேச்சில் காசு கொடுக்காதே, கூட்டு ஒப்பந்தம் எழுதி இரண்டு பேரும் கையொப்பம் வையுங்கள். சொந்தத்துக்குள்தான் எழுத்து மிகவும் தேவை.

சரி, இருக்கத்தான் வாங்கப் போகிறாய் என்று வைத்துக்கொள்வோம். முதலில் நீ ஆர் என்று பார். நீ கனடாக் குடியுரிமை எடுத்த அன்றே இலங்கைக் குடியுரிமை போய்விட்டது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவருக்குக் காணியை அறுதியாக எழுத முடியாது. 99 வருடம் வரை குத்தகைக்கு எடுக்கலாம், நாலாம் மாடியிலும் அதற்கு மேலும் உள்ள அடுக்குமாடி வீடு வாங்கலாம். சுன்னாகத்தில் நாலாம் மாடிக்கு எங்கே போவாய்? ஆகவே, இரட்டைக் குடியுரிமை எடுத்துவிட்டு வா. "தங்கச்சியின் பெயரில் வாங்கி வைக்கட்டுமா?" என்று கேட்டாய். உன் கூட்டாளி இந்தோனேசியாவில், பாலியில், அந்த ஊர்க்காரர் ஒருவரின் பெயரில் வளவு வாங்கியிருப்பதாகவும் எழுதியிருந்தாய். அங்கேயும் 1960ஆம் ஆண்டுக் காணிச் சட்டம் வெளிநாட்டவருக்குச் சொந்த உரித்துக் கொடுப்பதில்லை. சட்டத்தைச் சுற்றிக்கொண்டு எழுதின கடதாசியைக் கொண்டு பிறகு நீதிமன்றத்துக்குப் போக ஏலாது. இங்கேயும் அதுதான். தங்கச்சி நல்லவள். அவள் கட்டப் போகிறவனை நீயும் அறியாய், நானும் அறியேன்.

காசை உண்டியலில் அனுப்பாதே. வங்கியில் உள்முக முதலீட்டுக் கணக்குத் திறந்து அதன் வழியாகக் கொண்டு வா. பின்னொரு நாள் விற்றால் அந்தக் காசைத் திருப்பிக் கொண்டுபோக உனக்குக் கையில் ஒரு சாட்சி வேண்டும்.

இனி அந்தக் காணி. காணிப் பதிவகத்தில் வேலை பார்த்தவளுக்குக் கை சும்மா இருக்காது. தரகரிடம் உறுதியின் பிரதியை வாங்கிப் பார்த்தேன். விளம்பரத்தில் சொன்ன கிணறு அந்த 4 பரப்புக்குள் இல்லை. வடக்கு வளவுக்குள் இருக்கிறது. உறுதியில் எழுதியிருப்பது கிணற்றில் ஆறில் ஒரு பங்கும் வழிவாய்க்கால் உரிமையும். துலா மிதித்துத் தோட்டத்துக்கு இறைத்த காலத்து எழுத்து அது. அந்த வாய்க்கால் இருந்த இடத்தில் இப்போது வடக்கு வளவுக்காரர் மதில் கட்டிவிட்டார். நீ வாங்கப் போவது காணியும், மதிலோடு ஒரு வழக்கும்.

விற்கிறவரும் ஒருவர் அல்ல, பிரிபடாத பங்குக்காரர் நாலு பேர். ஒருவர் கொழும்பு, ஒருவர் சிட்னி, ஒரு அக்கா பரிஸ், இன்னொருவர் இங்கே. மூன்று பேர் விற்கச் சம்மதம், பரிஸ் அக்கா இன்னும் வாய் திறக்கவில்லை. தேசவழமைப்படி கூட்டுச் சொந்தக்காரருக்கும், விற்பவர் இறந்தால் உரித்தாளிகளாக வரக் கூடியவர்களுக்கும் முதலில் வாங்குகிற உரிமை இருக்கிறது. ஒல்லாந்தர் 1707இல் எழுதி வைத்த வழக்கம், 1947ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்த இரண்டு வகையினருக்கு என்று சுருங்கியது. அவர்களுக்கு முறைப்படி அறிவித்தல் கொடுக்காமல் எழுதின உறுதியை அக்கா பிறகு நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாம். அவர் சம்மதித்தாலும் 1911ஆம் ஆண்டுச் சட்டப்படி அவருடைய கணவரின் எழுத்துச் சம்மதமும் வேண்டும். சிட்னிக்காரர் அற்றோணி கொடுத்திருக்கிறார் என்கிறார்கள். அதன் மூலப்பிரதியைக் கண்ணால் காணும் வரை இல்லையென்றே வைத்துக்கொள். நொத்தாரிசை நீயே பிடி, தரகர் கூட்டி வருகிறவர் வேண்டாம். நில அளவையாளரைக் கொண்டு புதிதாக அளப்பித்து, 30 வருடத் தோம்பு பார்த்த பிறகு விலையைக் கதை. முத்திரை வரி மட்டும் ஏறக்குறைய நூற்றுக்கு நாலு போகும், அதையும் விலையோடு சேர்த்துப் பார்.

கிணற்றைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வலிகாமத்தில் நாங்கள் நிற்பது சுண்ணாம்புக் கல்லுக்கு மேலே. மழை நீர் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கி அடியில் தங்குகிறது. மலசலகூடக் குழி நீரும், தோட்டத்தில் போடுகிற யூரியாவும் அதே வெடிப்புகளுக்குள்ளால்தான் இறங்குகின்றன. முந்தி 10 பரப்பு வளவில் ஒரு கிணறு, ஒரு குழி. இப்போது அதே வளவு 2 பரப்புத் துண்டுகளாகி, ஒவ்வொரு துண்டிலும் ஒரு கிணறும் ஒரு குழியும். ஆகவே உன் கிணற்றுக்கும் உன் குழிக்கும் இடையில் அளந்தால் போதாது, வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுக் குழி எங்கே என்றும் எட்டிப் பார். நைதரேற்று சோதனைக்குத் தண்ணீரை நீர்வழங்கல் சபையின் ஆய்வுகூடத்தில் கொடு.

எண்ணெய்ப் பிரச்சினை உனக்குத் தெரியும். மின் நிலையத்துப் பக்கத்துக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்து, 2015இல் சனம் வீதிக்கு இறங்கியது. 2019 சித்திரையில் உயர் நீதிமன்றம் அங்கே மின் நிலையம் நடத்திய கம்பனியைக் கிணறுகள் பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்கச் சொன்னது. தீர்ப்பு வந்தால் தண்ணீர் தெளிந்துவிடுமா? எந்தக் கிணறு என்று கிணறு கிணறாகத்தான் பார்க்க வேண்டும். ஒரு வாளி அள்ளி வைத்துவிட்டு, விடியப் போய் வெயிலில் சரித்துப் பார். மேலே மயில் கழுத்து நிறத்தில் படலம் தெரிந்தால் அப்படியே திரும்பி வந்துவிடு. தெரியாவிட்டாலும் ஆய்வுகூடத்தில் எண்ணெயையும் சோதிக்கச் சொல்லு. தாளையடியில் கடல் நீரை நன்னீராக்கும் நிலையம் 2024இல் திறந்தார்கள். உன் ஒழுங்கைக்குள் குழாய் வருகிறதா என்று கேள், வந்தால் விலையும் ஏறும், தலையிடியும் குறையும்.

வாங்கி விட்டுப் போகிறதாயிருந்தால் கூலி கொடுத்து வைக்கிற காவல்காரருக்கும் கடதாசி எழுது. ஒருவர் சொந்தக்காரரை ஏற்காமல், ஆரும் தடுக்காமல் 10 வருடம் ஆண்டு வந்தால் காணி அவருக்கே என்பது 1871ஆம் ஆண்டிலிருந்து இருக்கிற சட்டம். சண்டைக்காலத்தில் இடம்பெயர்ந்தவர்களுக்காக 2016இல் விசேட சட்டம் ஒன்று கொண்டு வந்தார்கள், அது 1983 முதல் 2009 வரையான காலத்துக்கு. ரொறன்ரோவில் இருந்துகொண்டு மறந்துபோனவர்களுக்கு அது உதவாது.

ஆவணித் திருவிழாவுக்கு வந்து வெயிலில் காணி பார்க்காதே, கார்த்திகை மழைக்கு வா. ஒழுங்கையில் தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்த வளவுக் குழி நிரம்பி வழிகிறது என்று அப்போதுதான் தெரியும். ஒரு அனெக்ஸ் வாடகைக்குப் பார்த்து வைக்கிறேன், கொஞ்ச மாதம் இருந்து பார். பிள்ளைகளுக்கு நுளம்பும் கோயில் ஒலிபெருக்கியும் ஒத்து வருகிறதா என்று அவர்களே சொல்லட்டும்.

அதுவரை தரகருக்கு அச்சாரம் கொடுக்காதே. அம்மாவிடம் அவளுடைய சீதன உறுதியைத் தேடச் சொல்லு. மயிலணியில் அவளுக்கு ஒன்றேகால் பரப்புக் காணி கிடக்கிறது. தாய் தகப்பனிடமிருந்து முதுசமாக வருவதற்கு அந்த 2014ஆம் ஆண்டுச் சட்டம் தடை இல்லை. உறுதி இலக்கத்தை எழுதி அனுப்பினால் தோம்பை நான் பார்த்து வைக்கிறேன்.

அன்புடன்,
மாமி