அற்புதம் கண்டால் நம்பிக்கை பிறக்குமா?

எங்கள் விடுதி உணவறையில் ஓர் இரவு எழுந்த வழக்கு இது. என் அறைத்தோழன் ஈரோட்டுக்காரன். பகுத்தறிவுக் கொள்கையில் ஊறியவன். நானோ குமரி மாவட்டத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, பௌதிகம் பயிலப் பெங்களூர் வந்தவன். "என் கண்முன் ஓர் அற்புதம் நடக்கட்டும், மறுநாளே உன்னுடன் கோவிலுக்கு வருகிறேன்" என்றான் அவன். தட்டில் சோறு ஆறிப்போகும் வரை பேசியும் தக்க விடை எனக்கு அகப்படவில்லை. அன்று சொல்லத் தவறியதை நம் சங்க மலரில் எழுத முனைகிறேன்.

அவன் கேள்வியில் ஒரு நினைப்பு அடங்கியிருக்கிறது. அற்புதம் என்பது சான்று. சான்று கண்டவன் முடிவை ஏற்பான் என்பதே அந்நினைப்பு. இது மெய்தானா?

தொலைவில் போகவேண்டாம். வியாழக்கிழமை மாலையில் விவேக்நகர் குழந்தை இயேசு ஆலயத்துக்குச் சென்று பாருங்கள். மெழுகுவத்தியும் மலரும் ஏந்தி நிற்போரில் திருநீறு அணிந்தோரும் குங்குமம் இட்டோரும் எத்தனை பேர்! ஒருமுறை எனக்கு முன்னால் நின்ற மூதாட்டியாரிடம் பேச்சுக் கொடுத்தேன். பேரன் பரீட்சையில் தேறிவிட்டானாம். நன்றி செலுத்த வந்திருக்கிறார். "நாளைக்கு வெள்ளிக்கிழமை தம்பி, மாரியம்மனுக்கும் விளக்குப் போடணும்" என்றார். அந்த அம்மையார் அற்புதத்தைச் சிறிதும் ஐயுறவில்லை. எனினும் கிறிஸ்தவ விசுவாசத்தை அவர் ஏற்றுக்கொள்ளவும் இல்லை. அவர் வீட்டுப் பூசையறையில் இன்னொரு படத்துக்கு இடம் கிடைத்தது, அவ்வளவே. வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லும் பிற மதத்தார் நிலையும் பெரும்பாலும் இதுவே. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நம் மக்களின் பெருந்தன்மை இது.

தெய்வமே இல்லை என்போர் நிலை வேறு என்பீர்கள். அதற்கு நம் விஞ்ஞானமே ஒரு பாடம் தருகிறது. புதன் கோள் சூரியனுக்கு மிக அருகே வரும் இடம் சிறிது சிறிதாக நகர்கிறது. அந்நகர்ச்சியில் ஒரு பகுதி நியூட்டன் கணக்குக்குள் அடங்கவில்லை என்று 1859-இல் லெவெரியே காட்டினார். இன்றைய அளவில் அது நூறாண்டுக்கு 43 விகலை. ஒரு பாகையை 3600 கூறாக்கினால் வரும் ஒரு கூறே விகலை. இது கண்டு வானநூலார் நியூட்டனைக் கைவிட்டார்களா? இல்லை. கண்ணுக்குப் படாத வேறொரு கோள் இருக்கவேண்டும் என்று கருதி, அதற்கு வல்கன் என்று பெயரும் சூட்டிப் பல்லாண்டுகள் தேடினார்கள். 1915-இல் ஐன்ஸ்டைன் புதிய கொள்கையை வகுத்த பின்னரே அந்த 43 விகலைக்குப் பொருள் கிடைத்தது. விதிக்குள் அடங்காத ஒரு நிகழ்ச்சி தானாக எதையும் நிலைநாட்டிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

மனிதரிடத்தும் இதைக் காணலாம். 1912-இல் நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு மருத்துவர் அலெக்சிஸ் காரெல், அதற்குப் பத்தாண்டு முன்பு லூர்து நகருக்குச் சென்றிருந்தார். இறக்கும் தறுவாயில் இருந்த ஒரு பெண் அங்கே தேறியதைத் தம் கண்ணால் கண்டார். குறிப்பும் எழுதி வைத்தார். உடனே மண்டியிட்டாரா? அதன் பிறகும் நெடுங்காலம் ஐயத்திலேயே உழன்றார்.

இனி என் ஊர்ப்பக்கம் வருகிறேன். ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் தட்டினால் மணிபோல் ஒலிக்கும் பாறை ஒன்று உண்டு. வேதசாட்சி தேவசகாயம் பிள்ளை சுடப்பட்ட வேளையில் அது ஒலித்தது என்பது எங்கள் மக்களின் நம்பிக்கை. சிறுவயதில் நானும் கல்லால் தட்டி மெய்சிலிர்த்ததுண்டு. பௌதிகம் படித்தபின் தெரிகிறது, உலகில் வேறு இடங்களிலும் ஒலிக்கும் பாறைகள் உள்ளன என்று. அவ்வளவு ஏன், அதே மாவட்டத்துச் சுசீந்திரத்தில் கோவில் தூண்களே இசைக்கின்றன! தூணைக் கேட்டுச் சைவரானவரையோ பாறையைக் கேட்டுக் கிறிஸ்தவரானவரையோ நான் கண்டதில்லை.

ஆனால் அந்தத் தேவசகாயம் பிள்ளை எப்படிக் கிறிஸ்தவரானார்? இங்கேதான் என் அறைத்தோழனுக்குரிய விடை இருக்கிறது. நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் பணியில் இருந்தவர். 1741-ஆம் ஆண்டுக் குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின்பு மன்னரின் படைத்தலைவரான டச்சுப் படைவீரர் டி லனாய் அவருடைய நண்பர். ஆடுமாடுகள் மடிந்து, பயிர் பொய்த்து, மனமுடைந்திருந்த நீலகண்டருக்கு அந்த நண்பர் சொன்னது யோபுவின் கதை. குற்றமற்ற ஒருவன் மக்களையும் செல்வத்தையும் உடல் நலத்தையும் இழந்து, ஏன் என்று இறைவனையே கேட்ட கதை. நீலகண்டரின் மாடுகள் உயிர்பெற்று எழவில்லை. எனினும் அவர் 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். சூட்டப்பட்ட பெயர் இலாசர். அதன் தமிழே தேவசகாயம்.

பெயரைக் கவனியுங்கள். ஏழை இலாசரைப் பற்றி இயேசு கூறிய உவமையில், நரகத்தில் வாடும் செல்வன், இறந்த இலாசரைத் தன் சகோதரரிடம் அனுப்பி எச்சரிக்கும்படி மன்றாடுகிறான். மறையைக் கேளாதவர்கள் மாண்டவன் எழுந்து வந்தாலும் இணங்கார் என்று அவனுக்கு மறுமொழி கிடைக்கிறது. என் தோழனின் வேண்டுகோள் அந்தச் செல்வன் வாயில் முன்பே வந்துவிட்டது!

தேவசகாயம் சிறையிடப்பட்டு, எருமைமேல் ஏற்றி ஊர்வலம் விடப்பட்டு, 1752 ஜனவரி 14-இல் கொல்லப்பட்டார். (கொலைக்கு மதமாற்றந்தான் காரணமா என்று ஐயுறும் வரலாற்றாசிரியரும் உளர்.) 2022 மே 15-இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. அதற்கு ஓர் அற்புதம் தேவைப்பட்டது. துடிப்பற்றுப்போனதாக மருத்துவர் கருதிய கருக்குழந்தை ஒன்று, தாயின் வேண்டுதலுக்குப் பின் உயிர்த்துடிப்புப் பெற்ற 2013-ஆம் ஆண்டு நிகழ்ச்சியை ஏற்றார்கள். அவர் விசுவாசத்துக்கு வர வேண்டியிராத அற்புதம், விசுவாசிகள் அவரைப் புனிதர் என அழைக்க வேண்டியிருந்தது. வேடிக்கைதான், ஆனால் அற்புதத்தின் இடம் எது என்பதையும் இது காட்டிவிடுகிறது.

என் தந்தையார் நோயுற்றபோது அன்னையார் காற்றாடிமலைக்கு நடந்தே சென்று நேர்ந்துகொண்டார். தந்தையார் பிழைக்கவில்லை. அப்போது எனக்கு வயது பதினாறு. அற்புதம் நடந்தால் நம்புவேன் என்பது முறையாயின், நடக்காவிட்டால் நம்பேன் என்பதும் முறையே. அக்கணக்குப்படி என் அன்னை அன்றே மலைக்குப் போவதை நிறுத்தியிருக்கவேண்டும். அவரோ ஆண்டுதோறும் ஜனவரியில் போகிறார். நான் சில ஆண்டுகள் உடன் செல்ல மறுத்தேன். எதற்காகப் போகிறீர்கள் என்று சினந்து கேட்டபோது, "அவரையும் சுட்டுல்லா கொன்னானுவ, மக்கா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

இக்கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கு முன் அறைத்தோழனிடம் காட்டினேன். புதன் கோள் பகுதி சரி, மற்றவற்றுக்குச் சான்று போதாது என்றான். எனினும் விடுமுறையில் என் ஊருக்கு வருகிறானாம். பாறை ஒலியின் அதிர்வெண்ணைக் கைப்பேசியில் அளக்கவேண்டுமாம். அன்னையாருக்குச் சொல்லிவிட்டேன், அவனுக்கு மீன் ஆகுமா என்று கேட்கிறார்.