ஒரு பொத்தானும் பத்தாயிரம் கணிப்பொறிகளும்

அமீர்பேட்டையில் மைத்ரிவனத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்தால், கணிப்பொறிப் பயிற்சி நிலையங்களின் பெயர்ப் பலகைகளை எண்ணி மாளாது. ஜாவா, டெஸ்டிங், கிளவுட் என்ற பெயர்களுக்கு நடுவே 'எஸ்.சி.சி.எம்.', 'இன்ட்யூன்' என்பவையும் கண்ணில் படும். புரோகிராம் எழுதும் வேலை என்றால் என்ன என்று நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் இன்று ஓரளவு தெரியும். ஆனால் 'அட்மின்' வேலை என்றால் என்ன, அதற்கு ஏன் தனிப் பயிற்சி என்று கேட்டால் பலரும் விழிக்கிறார்கள். நம் சங்கக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் பி.எஸ்ஸி.யோ டிப்ளமாவோ முடித்துவிட்டு இந்தத் துறைக்குள் நுழையப் பார்க்கிறார்கள். அவர்களுக்கும், கட்டணம் கட்டப்போகும் பெற்றோருக்கும் பயன்படட்டும் என்று இந்தப் பாடத்தை எழுதுகிறேன்.

வேலை என்ன?

ஒரு வங்கியில் 10,000 கணிப்பொறிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2003 அக்டோபர் முதல், ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிட்டு வருகிறது. இவற்றைத்தான் பேட்ச் என்கிறார்கள். அமெரிக்காவில் காலை பத்து மணிக்கு வருவது, நமக்கு இரவு பத்தரை அல்லது பதினொன்றரை. ஆளை அனுப்பி, ஒரு கணிப்பொறிக்கு அரை மணி நேரம் செலவிட்டால், மொத்தம் 5,000 மணி நேரம். நாளுக்கு எட்டு மணி நேரம் உழைக்கும் ஒருவருக்கு 625 நாள் பிடிக்கும். அதற்குள் அடுத்த இருபது மாதங்களின் திருத்தங்கள் வரிசையில் நிற்கும்.

ஆகவே ஒரே இடத்தில் உட்கார்ந்து எல்லாக் கணிப்பொறிகளையும் பராமரிக்க ஒரு மென்பொருள் தேவைப்பட்டது. மைக்ரோசாஃப்ட் 1994-இல் 'சிஸ்டம்ஸ் மேனேஜ்மென்ட் சர்வர்' என்ற பெயரில் அதை வெளியிட்டது. 2007-இல் அது 'சிஸ்டம் சென்டர் கான்ஃபிகரேஷன் மேனேஜர்' ஆயிற்று. எஸ்.சி.சி.எம். என்ற சுருக்கம் அதிலிருந்து வந்ததே. 2019-இல் இன்னொரு முறை பெயர் மாறியது. இப்போது வெறும் 'கான்ஃபிகரேஷன் மேனேஜர்'. பெயர் எத்தனை முறை மாறினாலும் அலுவலகங்களில் இன்னமும் எஸ்.சி.சி.எம். என்றே சொல்கிறார்கள். இதே வேலையை இணையத்தின் வழியே செய்வது 'இன்ட்யூன்'. மற்ற நிறுவனங்களின் மென்பொருள்களும் உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோவின் 'எண்ட்பாயின்ட் சென்ட்ரல்' அவற்றில் ஒன்று.

உள்ளே நடப்பது

ரேஷன் விநியோகத்தை நினைத்துக்கொண்டால் இதன் அமைப்பு எளிதில் புரியும். 'சைட் சர்வர்' என்பது தலைமை அலுவலகம். எந்தக் கணிப்பொறியில் என்ன இருக்கிறது என்ற பேரேடு, எஸ்.க்யூ.எல். சர்வர் என்ற தரவுத்தளத்தில் இருக்கிறது. 'டிஸ்ட்ரிபியூஷன் பாயிண்ட்' என்பது அந்தந்த ஊரில் உள்ள கிடங்கு. சரக்கு அங்கே வந்து இறங்கும். 'மேனேஜ்மென்ட் பாயிண்ட்' என்பது விசாரணை கவுண்டர். ஒவ்வொரு கணிப்பொறியிலும் 'கிளையன்ட்' என்ற சிறு மென்பொருள் உட்கார்ந்திருக்கும். அது அந்தக் கவுண்டருக்குப் போய், 'எனக்கு ஏதாவது உத்தரவு உண்டா?' என்று கேட்கும். யார் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்ற பட்டியலுக்குப் பெயர் 'கலெக்ஷன்'.

இதில் மாணவர் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது ஒன்று உண்டு. சர்வர் எதையும் வலியப் போய்த் திணிப்பதில்லை. கிளையன்ட்தான் கேட்டு வாங்கிக்கொள்கிறது. நாம் மாற்றாதவரை 60 நிமிடத்துக்கு ஒரு முறை கேட்கும். எனவே பொத்தானை அழுத்தியவுடன் திரையில் ஒன்றும் நடக்காதது போலத் தோன்றும். புதியவர்கள் பொறுமையிழந்து மறுபடி அழுத்துவார்கள், பட்டியலைப் பெரிதாக்குவார்கள். ஆனால் உத்தரவை வாங்கி வேலையைத் தொடங்கிவிட்ட கணிப்பொறியை, சர்வரில் அந்த உத்தரவை அழிப்பதால் நிறுத்திவிட முடியாது. அம்பு வில்லை விட்டுப் போய்விட்டது என்று பொருள்.

அனுப்பாததால் வந்த கேடு

2017 மே 12 அன்று 'வானாக்ரை' என்ற பணம் பறிக்கும் நச்சு நிரல் உலகெங்கும் பரவியது. பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையில், இங்கிலாந்தின் மருத்துவ அமைப்புகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இதனால் இடர்ப்பட்டது. அறுவை சிகிச்சைகளும் மருத்துவரைச் சந்திக்கும் நேரங்களும் ஆயிரக்கணக்கில் ரத்தாயின. நம் பக்கத்தில் ஆந்திரப் பிரதேசக் காவல்துறையின் சில கணிப்பொறிகளும் பாதிக்கப்பட்டதாக அப்போது செய்தி வந்தது. இதில் வருந்தத்தக்கது என்னவென்றால், அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. இரண்டு மாத அவகாசம் இருந்தது. மருந்து கடைக்கு வந்துவிட்டது; நோயாளியின் கைக்குப் போய்ச் சேரவில்லை.

அனுப்பியதால் வந்த கேடு

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி 2014 மே மாதம் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் நடந்தது. புதிதாக விண்டோஸ் 7 நிறுவும் உத்தரவு ஒன்று, எஸ்.சி.சி.எம். வழியாகத் தவறுதலாக அங்குள்ள எல்லா விண்டோஸ் கணிப்பொறிகளுக்கும் போய்விட்டது. அந்த உத்தரவு முதலில் வட்டைத் துடைத்துவிட்டுத்தான் நிறுவத் தொடங்கும். மடிக்கணினி, மேசைக்கணினி, சர்வர் என்ற பேதமில்லாமல் துடைக்க ஆரம்பித்தது. விஷயம் தெரிந்து சர்வரை நிறுத்தப் போனபோது, உத்தரவு அனுப்பிய சர்வரின் வட்டும் துடைக்கப்பட்டிருந்தது.

2024 ஜூலை 19-ஆம் தேதி நடந்ததை நாமே நேரில் பார்த்தோம். அதில் எஸ்.சி.சி.எம்.முக்குப் பங்கில்லை, ஆனால் பாடம் ஒன்றே. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் பிழையுள்ள கோப்பு ஒன்றை நம் நேரப்படி காலை 9.39-க்கு அனுப்பியது. 10.57-க்குத் திரும்பப் பெற்றது. இடைப்பட்ட 78 நிமிடத்தில் அது வேண்டிய அளவு பரவிவிட்டது. மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் முடங்கின. நம் ஊர் விமான நிலையத்திலும் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். கொஞ்சம் பேருக்கு அனுப்பிப் பார்த்துவிட்டு மற்றவர்களுக்கு அனுப்பியிருந்தால், சேதம் அந்தக் கொஞ்சத்தோடு நின்றிருக்கும்.

ஆக, அட்மின் கற்க வேண்டிய கலை இரண்டு: காலத்தில் அனுப்புவது, அளந்து அனுப்புவது. முதலாவதை எல்லாப் பயிற்சி நிலையங்களும் சொல்லித்தருகின்றன. இரண்டாவதைச் சொல்லித்தருகிறார்களா என்று பார்த்துத்தான் சேர வேண்டும்.

வகுப்பில் கேட்டு வாங்க வேண்டிய ஐந்து

1. பட்டியல். கலெக்ஷனில் கணிப்பொறிகளின் பெயரை நாமே சேர்க்கலாம். அல்லது ஒரு நிபந்தனை எழுதி, அதற்குப் பொருந்துபவை தாமாகச் சேரும்படி செய்யலாம். இரண்டாவது வகை நாம் தூங்கும்போதும் வளரும். அனுப்புமுன் எண்ணிக்கையைப் பார்க்கும் பழக்கம் கைக்கு வர வேண்டும். 40 இருக்க வேண்டிய இடத்தில் 4,000 இருந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும்.

2. விருப்பமா, கட்டாயமா? 'அவைலபிள்' என்று அனுப்பினால் பயனாளர் விரும்பினால் எடுத்துக்கொள்வார். 'ரிக்வயர்டு' என்று அனுப்பினால் கெடு நேரத்தில் தானாக நிறுவிக்கொள்ளும். வட்டைத் துடைக்கும் உத்தரவைக் கட்டாயமாக அனுப்புவதற்கு முன் இரண்டாவது ஆள் ஒருவர் பார்க்க வேண்டும்.

3. நேரம். 'மெயின்டனன்ஸ் விண்டோ' என்பது, இந்த நேரத்துக்குள் மட்டுமே நிறுவலாம் என்ற வரையறை. வங்கியில் மாதக் கடைசி நாளில், மருத்துவமனையில் காலை புறநோயாளி நேரத்தில் கணிப்பொறி அணைந்து எழுந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கப் பழக வேண்டும்.

4. படிப்படி. முதலில் நம் துறையின் 10 கணிப்பொறிகள், ஒரு நாள் கழித்து 200, பிறகு ஒரு கிளை, பிறகுதான் மற்றவை. அதே சமயம், ஆபத்தான ஓட்டைக்கான திருத்தத்தை இந்தப் படிகளின் பெயரால் இரண்டு மாதம் இழுக்கவும் கூடாது.

5. லாக். ஒவ்வொரு பகுதியும் தான் செய்ததைக் கோப்பில் எழுதி வைக்கும். அவற்றைப் படிக்க 'சி.எம்.டிரேஸ்' என்ற கருவி உண்டு. லாக் படிக்கத் தெரிந்தவர் காரணத்தைக் கண்டுபிடிப்பார். தெரியாதவர் மறுபடி பொத்தானை அழுத்துவார். நேர்முகத் தேர்விலும் இதைத்தான் கிண்டிக் கிண்டிக் கேட்பார்கள்.

வீட்டிலேயே ஒரு கூடம்

எஸ்.சி.சி.எம்.முக்கான மைக்ரோசாஃப்டின் அதிகாரபூர்வ வகுப்பு (எண் 20703-1) ஐந்து நாள் வகுப்பாக அமைந்தது. ஐந்து நாளில் எந்தப் பொத்தான் எங்கே என்று தெரியும். கைப்பழக்கம் வீட்டில்தான் வரும். 16 ஜி.பி. ராம் உள்ள கணிப்பொறியில் விண்டோஸ் புரோ இருந்தால், அதிலேயே 'ஹைப்பர்-வி' உண்டு. அதனுள் நான்கு கற்பனைக் கணிப்பொறிகளை அமைக்கலாம்: டொமைன் கன்ட்ரோலர் ஒன்று, எஸ்.சி.சி.எம். சர்வர் ஒன்று, கிளையன்ட் இரண்டு. விண்டோஸ் சர்வர், எஸ்.க்யூ.எல். சர்வர், கான்ஃபிகரேஷன் மேனேஜர் மூன்றுக்கும் 180 நாள் சோதனைப் பதிப்பு இலவசம்.

அங்கே சரியாகச் செய்து பார்ப்பதோடு நிற்காமல், வேண்டுமென்றே தவறாகவும் செய்து பாருங்கள். நிபந்தனையைப் பிழையாக எழுதி, யார் யார் உள்ளே வருகிறார்கள் என்று கவனியுங்கள். பாதி வழியில் உத்தரவை அழித்து, எது நிற்கிறது, எது நிற்கவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் இரண்டு கணிப்பொறி கெட்டால் ஒரு மாலைப் பொழுது போகும். அலுவலகத்தில் கெட்டால் வேலையே போகும்.

சான்றிதழ் பற்றிப் பெற்றோருக்கு

எஸ்.சி.சி.எம்.முக்கென்று இருந்த 70-703 தேர்வை மைக்ரோசாஃப்ட் 2021 ஜனவரியோடு நிறுத்திவிட்டது. அதற்கு முந்தைய 70-243-உம் இப்போது இல்லை. இவற்றின் பெயரைச் சொல்லி யாராவது கட்டணம் கேட்டால் எழுந்து வந்துவிடலாம். 2023-இல் வந்த எம்.டி.-102 என்ற தேர்வு பெரும்பாலும் இன்ட்யூனைச் சுற்றியது. பெரிய நிறுவனங்கள் பலவற்றில் இரண்டும் சேர்ந்தே ஓடுவதால், இரண்டையும் தொட்டுச் செல்லும் பயிற்சியே நல்லது. சேருமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: பாடத்திட்டம் எந்தப் பதிப்புக்கு உரியது? மாணவர் தனியாகப் பழகக் கூடம் உண்டா? வகுப்பு எடுப்பவர் இந்த வேலையை நேரில் பார்த்தவரா?

பயிற்சி வினாக்கள்

1. உத்தரவு கொடுத்து 20 நிமிடம் ஆகியும் கிளையன்ட் அசையவில்லை. மறுபடி அழுத்துவதற்கு முன் எவற்றைப் பார்ப்பீர்கள்?

2. 'பெயர் எச் என்ற எழுத்தில் தொடங்கும் கணிப்பொறிகள்' என்று ஹைதராபாத் கிளைக்காக ஒரு நிபந்தனை எழுதப்பட்டது. அதற்குள் தவறுதலாக யார் யார் வரக்கூடும்?

3. 3,000 கணிப்பொறிகள் உள்ள மருத்துவமனை. ஆபத்தான ஓட்டைக்குத் திருத்தம் வந்துவிட்டது. ஒரு வாரமே அவகாசம். நாள்வாரியாகத் திட்டம் எழுதுக. எந்தக் கணிப்பொறிகளைக் கடைசிக்கு வைப்பீர்கள்? ஏன்?

4. எமரி பல்கலைக்கழகத்தில் உத்தரவு அனுப்பிய சர்வர் தானே துடைக்கப்பட்டது. அதைத் தடுக்கப் பட்டியலில் என்ன செய்திருக்கலாம்?

விடைகளை எழுதிவைத்துக்கொண்டு, இந்தத் துறையில் இருக்கும் அண்ணனிடமோ அக்காவிடமோ காட்டுங்கள். அவர்களுடைய பதில் வேறாக இருந்தால், எந்த அனுபவத்தால் அப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.